கணக்கில் 22,895 டாலர், கையில் காசில்லை: டொரன்டோவில் புதிய மாணவரின் முதல் மாதம் ஏன் இடிக்கிறது?

கனடாவுக்குப் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர், கல்விக் கட்டணமும் விமானச் செலவும் போக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக 22,895 கனடிய டாலர் தன்னிடம் இருப்பதாகக் காட்ட வேண்டும். கியூபெக் தவிர்த்த மற்ற மாகாணங்களுக்குத் தனியாகச் செல்பவருக்கான தொகை இது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2023 முடியும் வரை இதே தொகை வெறும் 10,000 டாலர்தான். 2024 ஜனவரியில் 20,635 ஆனது. அடுத்த ஆண்டே மீண்டும் ஏறியது.

இந்திய மதிப்பில் இது 14 லட்சம் ரூபாய்க்கு மேல். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தோ, நகையை அடகு வைத்தோ, கல்விக் கடனோடு சேர்த்தோ இந்தப் பணத்தைப் புரட்டும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். "இவ்வளவு கட்டியாச்சு, இனி ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் டொரன்டோவில் இறங்கிய இரண்டாவது வாரமே "அப்பா, அவசரமா ஒரு மூணு லட்சம் அனுப்ப முடியுமா?" என்று போன் வருவது புதிதல்ல.

பிள்ளை ஊதாரி ஆகிவிட்டானா? பெரும்பாலும் இல்லை. கணக்கில் பணம் இருக்கிறது. அது வரும் விதம் ஒன்று, நகரம் அதைக் கேட்கும் விதம் வேறொன்று. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தொகையை ஏன் ஏற்றினார்கள்?

2023 முடிவில் கனடாவில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள். அதில் பெரும்பங்கு ஒன்டாரியோ மாகாணத்தில். அதிலும் டொரன்டோவையும் அதைச் சுற்றியுள்ள பிராம்ப்டன், மிசிசாகா போன்ற நகரங்களையும் நோக்கியே கூட்டம் வந்தது. ஒன்டாரியோ அரசு 2019-ல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பிறகு அதை அப்படியே முடக்கி வைத்தது. கல்லூரிகள் வருமானத்துக்கு வெளிநாட்டு மாணவர்களைத் தேடின. சேர்க்கை ஏறியது, ஆனால் அந்த வேகத்தில் விடுதிகள் கட்டப்படவில்லை.

வாடகை எகிறியதும் அரசியல் சூடுபிடித்தது. 2024 ஜனவரியில் அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர், மாணவர் அனுமதிகளுக்கு முதல்முறையாக உச்சவரம்பு அறிவித்தார். அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைக்கப்படுகிறது. 2026-க்கான திட்டத்தில் மொத்த அனுமதிகள் 4.08 லட்சம், அதில் புதிதாக நாட்டுக்குள் வருபவர்களுக்கு 1.55 லட்சம் மட்டுமே.

வாழ்க்கைச் செலவுத் தொகையை உயர்த்தியதற்கு அரசு சொன்ன காரணம் நியாயமானது. 2000-களின் தொடக்கத்தில் வைத்த 10,000 டாலரை நம்பி வந்த மாணவர்கள், உண்மையான செலவைப் பார்த்துத் திண்டாடினார்கள். ஆகவே தொகை கூடியதில் தவறில்லை. ஆனால் மானிடோபாவின் சிறு ஊருக்குப் போகிறவருக்கும் டொரன்டோவுக்குப் போகிறவருக்கும் ஒரே தொகைதான். அது எப்படிக் கைக்கு வர வேண்டும் என்பதும் நகரத்தைப் பார்த்து முடிவு செய்யப்படவில்லை.

காகிதத்தில் கணக்கு சரிதான்

இந்தத் தொகையைக் காட்டப் பல வழிகள் இருந்தாலும், இந்திய மாணவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது 'ஜிஐசி' எனப்படும் வைப்புத்தொகைத் திட்டம். புறப்படும் முன்பே கனடிய வங்கி ஒன்றில் முழுப் பணத்தையும் போட்டுவிட வேண்டும். அங்கே போனதும் வங்கி ஒரு பகுதியைக் கொடுக்கும். மீதியை ஓராண்டுக்குள் தவணை தவணையாக விடுவிக்கும். 22,895-ஐ 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 1,900 டாலர்.

ஒரு கணக்குக்காக, ஸ்கார்பரோவில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அறை வாடகை 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டொரன்டோ போக்குவரத்துக் கழகத்தின் மாணவர் மாதாந்திர பாஸ் 128.15 டாலர். சமைத்துச் சாப்பிட்டால் மளிகைக்கு 350, போனுக்கு 40. மொத்தம் 1,418 டாலர். 1,900-ல் இது போக 480 டாலர் மிச்சம். வாடகை 1,100 ஆனாலும் தள்ளிவிடலாம். அதாவது, மாதக் கணக்குப் பார்த்தால் அரசு சொல்லும் தொகை மோசமில்லை.

முதல் மாதத்தில்தான் இது உடைகிறது. ஒன்டாரியோவில் வீடு பிடிக்கும்போது முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். இது சட்டப்படி சரியானதே. அதுவே 1,800 டாலர். அறை கிடைக்கும் வரை தங்குமிடம், மெத்தை, பாத்திரம், குளிருக்கு ஜாக்கெட், பூட்ஸ் என்று தனியே செலவு. இதற்கே முதல் தவணை கரைந்துவிடும். அதற்கு மேல் வீட்டுக்காரர், "உங்களுக்கு இங்க வேலை இல்ல, கிரெடிட் இல்ல, ஆறு மாச வாடகையை முன்னாடியே கொடுங்க" என்று கேட்டால்? 5,400 டாலர், கூடவே கடைசி மாதத்துக்கு 900. ஆக 6,300 டாலர். வங்கிக் கணக்கில் பெயரளவில் 20,000 இருக்கும். அடுத்த தவணை அடுத்த மாதம்தான்.

ஊருக்குப் போன் வருவது இந்த இடத்தில்தான்.

பணத்தைவிட 'ஹிஸ்டரி' கேட்கும் நகரம்

டொரன்டோவில் வாடகைக்கு விண்ணப்பிப்பவரிடம் பொதுவாக நான்கு விஷயங்கள் கேட்பார்கள்: வேலைக்கான கடிதம், கிரெடிட் ஸ்கோர், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் பரிந்துரை, ஜாமீன் நிற்க ஒரு கனடாவாசி. புதிதாக வந்த மாணவரிடம் நான்குமே இருக்காது. இந்தியாவில் அப்பாவின் சிபில் ஸ்கோர் 800 இருந்தாலும் அது அங்கே செல்லாது. கனடாவில் ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் கிரெடிட் பதிவுகளை வைத்திருக்கின்றன. அவற்றின் ஏட்டில் புதியவரின் பக்கம் காலி.

அந்தப் பக்கத்தை நிரப்ப கிரெடிட் கார்டு வேண்டும். அதை ஒழுங்காகக் கட்டி, பதிவு சேர மாதங்கள் ஆகும். வேலைக்குப் போக 'சின்' என்ற ஒன்பது இலக்க சமூகக் காப்பீட்டு எண் வேண்டும். அது கிடைத்தாலும் வகுப்பு தொடங்கும் முன் வேலை பார்க்க அனுமதி கிடையாது. அறை கிடைக்க வேலை வேண்டும், வேலைக்கு வகுப்பு தொடங்க வேண்டும், வகுப்புக்குப் போகத் தங்க இடம் வேண்டும். முட்டையா கோழியா கதைதான்.

பின்னணி இல்லாதவரிடம் நம்பிக்கைக்குப் பதிலாக ரொக்கத்தைக் கேட்கிறது சந்தை. அதனால் மாணவரின் செலவு, அவர் எவ்வளவு சிக்கனக்காரர் என்பதைவிட, முதல் 30 நாள்களில் அந்த ரொக்கத்தை யார், எந்தப் பெயரில் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்டாரியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. முன்பணமாக அதிகபட்சம் ஒரு மாத வாடகையைத்தான் வாங்கலாம். அதையும் கடைசி மாத வாடகையாக மட்டுமே கழிக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு ஆண்டுதோறும் வட்டியும் உண்டு. 'டேமேஜ் டெபாசிட்' என்று தனியாக வாங்குவது சட்டவிரோதம். சாவிக்கு முன்பணம் வாங்கலாம். ஆனால் மாற்றுச் சாவி செய்ய ஆகும் செலவைத் தாண்டக் கூடாது, காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும். பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டாயமாகக் கேட்க முடியாது. வாடகை ரசீது கேட்டால் இலவசமாகத் தர வேண்டும்.

கிரெடிட் ஹிஸ்டரி இல்லாதது பற்றியும் விதி இருக்கிறது. வீட்டுக்காரர் கிரெடிட் பதிவையோ முந்தைய வாடகைப் பதிவையோ பார்க்கலாம். ஆனால் அப்படியொரு பதிவே இல்லாதிருப்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது மாகாண மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. மோசமான பதிவு வேறு, பதிவே இல்லாமை வேறு.

அப்படியானால் ஆறு மாத வாடகை எப்படிக் கைமாறுகிறது? "நாங்க கேட்கல, நீங்களே விருப்பப்பட்டுக் கொடுத்ததா எழுதிக் கொடுங்க" என்பதுதான் வழி. வீட்டுக்காரர் கட்டாயப்படுத்தினால் அது சட்ட மீறல். வாடகைதாரர் தானாக முன்வந்து கொடுத்தால் அப்படியில்லை என்று ஒன்டாரியோவில் தீர்ப்பு உண்டு. அந்த ஓட்டையில் இந்த வாசகம் உட்கார்ந்துகொள்கிறது. பத்து விண்ணப்பத்தில் ஒன்பது நிராகரிக்கப்பட்ட மாணவர் பத்தாவதில் எதையும் எழுதிக் கொடுப்பார்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பலவீனமும் இருக்கிறது. ஐந்து மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கொடுத்தே வீடு பிடித்துப் பழகியவர்கள் நாம். அதனால் டொரன்டோ வீட்டுக்காரர் ஆறு மாதம் கேட்கும்போது அது விபரீதமாகத் தெரிவதில்லை. "எல்லா ஊர்லயும் இதானே வழக்கம்" என்று அப்பா பணம் அனுப்பிவிடுகிறார். சென்னையில் கொடுத்த அட்வான்ஸ், காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம். டொரன்டோவில் கொடுத்தது முன்கூட்டிய வாடகை. நடுவில் அறை பிடிக்காமல் போனாலோ கல்லூரி தூரமாக இருந்தாலோ, அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சமையலறை யாருடையது?

இந்தச் சட்டப் பாதுகாப்பில் பெரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. குளியலறையையோ சமையலறையையோ வீட்டு உரிமையாளருடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய ஏற்பாடு என்றால், வாடகைச் சட்டம் அங்கே செல்லாது. உரிமையாளரின் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் ஆகியோரில் ஒருவர் அதே கட்டடத்தில் குடியிருந்து, அவருடன் பகிர்ந்துகொண்டாலும் இதே நிலைதான். அப்போது முன்பண வரம்பு இல்லை. முறையான வெளியேற்ற நோட்டீஸ் விதிகளும் இல்லை. "நாளைக்குக் காலி பண்ணுப்பா" என்றால் வாடகை வாரியத்தில் போய் முறையிட முடியாது.

புதிய மாணவர் பலருக்கு முதலில் கிடைப்பதே இப்படிப்பட்ட அறைதான்: குடும்பம் மேலே, மாணவர் கீழே, அடுப்பு ஒன்று. ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "கிச்சன் யாரோட ஷேர்?" என்பதுதான். மற்ற வாடகைதாரர்களோடு மட்டும் பகிர்வது என்றால் சட்டம் பாதுகாக்கும். வீட்டு உரிமையாளரோடு என்றால் பாதுகாக்காது.

இன்னொரு வகை, 'மெயின் டெனன்ட்'. ஒருவர் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, அறை அறையாக மற்ற மாணவர்களுக்கு விடுவார். உண்மையான வீட்டுக்காரருக்கு உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே தெரியாது. இப்படித் தங்குபவருக்கும் மெயின் டெனன்டுக்கும் இடையிலான தகராறு பெரும்பாலும் வாடகை வாரியத்தின் வரம்புக்குள் வராது. சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். செமஸ்டர் நடுவில் எந்த மாணவர் நீதிமன்றம் போவார்?

பாதுகாப்பும் இதோடு சேர்ந்தது. பலருக்கு அறை அறையாக விடும் வீடுகள் ஸ்கார்பரோ, நார்த் யார்க் பகுதிகளில் நீண்ட காலம் தடை செய்யப்பட்டிருந்தன. தேவை இருந்ததால் அவை மறைவாக நடந்தன. 2018-ல் ஸ்கார்பரோவில் இப்படியொரு வீட்டில் பிடித்த தீயில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் உயிரிழந்தார். 2024 மார்ச் 31 முதல் இத்தகைய வீடுகள் உரிமம் பெற்று நகரம் முழுக்க இயங்கலாம் என்று டொரன்டோ விதியை மாற்றியது. ஆனாலும் உரிமம் பெறாதவை இன்னும் இருக்கின்றன. பேஸ்மென்ட் அறை பார்க்கப் போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியவை மூன்று: புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னலோ இரண்டாவது வழியோ இருக்கிறதா, ஹீட்டர் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது டொரன்டோ மாநகர விதி.

'நம்ம ஆளு' என்ற நம்பிக்கை

தமிழ்நாட்டு மாணவருக்கு டொரன்டோவில் வேறு ஊர்களில் இல்லாத ஒரு வசதி உண்டு. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தமிழர்கள் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் பகுதியிலும் வேரூன்றியிருக்கிறார்கள். கடைப் பலகையில் தமிழ் இருக்கும். மளிகைக் கடையில் முருங்கைக்காயும் புழுங்கல் அரிசியும் கிடைக்கும். ஸ்கார்பரோ பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் இருக்கையே இருக்கிறது. இறங்கிய அன்று "தம்பி எந்த ஊர்?" என்று விசாரிக்க ஆள் இருப்பது சாதாரண உதவி அல்ல. கிரெடிட் ஸ்கோர் கேட்காமல், முகத்தைப் பார்த்து அறை கொடுப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். நகரம் கேட்கும் 'ஹிஸ்டரி'க்குப் பதிலாக ஊரும் மொழியும் ஜாமீன் நிற்கின்றன.

அந்த நம்பிக்கையே சில நேரம் காகிதத்தை வேண்டாம் என்கிறது. "எங்கட பிள்ளைதானே, கடிதம் ஒண்டும் தேவையில்லை, காசாத் தாங்கோ" என்பது அன்பாகவே சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் ஒப்பந்தமும் ரசீதும் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த வாடகைக்கு எந்த அடையாளமும் கிடையாது. ஓராண்டு ஒழுங்காக வாடகை கொடுத்தும், அடுத்த வீட்டுக்காரரிடம் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. இரண்டாவது ஆண்டும் அவர் புதியவராகவே நிற்பார்.

ஒன்டாரியோவில் 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு பெரும்பாலான வீட்டு வாடகைக்கு அரசு வடிவமைத்த பொது ஒப்பந்தப் படிவம் கட்டாயம். அதை எழுத்து மூலம் கேட்டு 21 நாள்களுக்குள் தரவில்லை என்றால், ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. தெரிந்தவரிடம் ஒப்பந்தம் கேட்பது அவமரியாதை அல்ல. "அண்ணா, பேங்க்ல அட்ரஸ் ப்ரூஃப் கேக்குறாங்க" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதில் பொய்யும் இல்லை.

வேலை: 24 மணி நேரத்தின் விலை

"போய் பார்ட் டைம் பார்த்துச் சமாளிச்சுக்கலாம்" என்பது பலரின் திட்டம். வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 2024 நவம்பர் 8 முதல் இதுதான் வரம்பு. 2025 அக்டோபர் 1 முதல் ஒன்டாரியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டாலர். முழு 24 மணி நேரமும் கிடைத்தால் வாரம் 422 டாலர். நான்கு வாரத்துக்குப் பிடித்தம் போகும் முன் 1,690 டாலருக்குச் சற்றுக் குறைவு. கல்விக் கட்டணத்தை இதில் கட்டவே முடியாது. வாடகையையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் வேலை கிடைத்தால்.

வகுப்பு தொடங்கி, வேலை தேடி, முதல் சம்பளம் கைக்கு வர மாதக்கணக்கு ஆகலாம். அந்த இடைவெளியில்தான் 'கேஷ் ஜாப்' ஆசை காட்டுகிறது: குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவு, ரசீது இல்லை, மணி நேரக் கணக்கு இல்லை. 24 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் அனுமதியின் நிபந்தனையை மீறியதாகும். பிற்காலத்தில் வேலை அனுமதிக்கும் நிரந்தரக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். முதலாளிக்கும் இது தெரியும். "கம்ப்ளெயின்ட் பண்ணினா உனக்குத்தான் பிரச்சினை" என்ற மிரட்டலுக்குப் பலம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் ஊதியச் சட்டத்தின் பாதுகாப்பு விசா நிலையைப் பார்த்து வருவதில்லை. சம்பளம் தராமல் இழுத்தால் மாகாணத் தொழிலாளர் அமைச்சகத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அதற்கு ஆதாரமாக, வேலை செய்த நாளையும் நேரத்தையும் மாணவர் தன் போனிலேயே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எது முதலில், எது பிறகு?

முதல் வாரத்து வேலைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அது மாறினால் ஒவ்வொன்றும் நாள் கணக்கில் தள்ளிப்போகும்.

விமான நிலையம்: பியர்சன் விமான நிலையத்தில் எல்லை அதிகாரி தரும் மாணவர் அனுமதித் தாளை அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். பெயர், கல்லூரி, காலாவதித் தேதி சரியா, கல்லூரிக்கு வெளியே வேலை செய்யலாம் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரி விடுபட்டால் சின் எண் கிடைக்காது. கவுன்டரில் நிற்கும்போது திருத்துவது சுலபம். பிறகு திருத்த மாதங்கள் ஆகலாம்.

சின் எண்: சர்வீஸ் கனடா அலுவலகத்தில் அல்லது இணையத்தில் இலவசமாகப் பெறலாம். இதற்குக் கட்டணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். தற்காலிகமாகத் தங்குபவர்களின் எண் 9-ல் தொடங்கும். வாடகை விண்ணப்பத்தில் இதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வங்கி: ஜிஐசி கணக்கைச் செயல்படுத்தும்போதே, வருடாந்திரக் கட்டணமில்லாத மாணவர் கிரெடிட் கார்டு கேட்கலாம். சிறு தொகைக்குப் பயன்படுத்தி முழுதாகக் கட்டி வந்தால், காலியாக இருந்த அந்தப் பக்கத்தில் முதல் வரி எழுதப்படும்.

மருத்துவம்: ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொருந்தாது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு 'யூஹிப்' என்ற தனித் திட்டம். கல்லூரி மாணவர்களுக்குக் கல்லூரி ஏற்பாடு செய்யும் தனியார் காப்பீடு. அது எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

போக்குவரத்து: 2024 பிப்ரவரி முதல் டொரன்டோ பஸ், சப்வேயிலிருந்து பிராம்ப்டன், மிசிசாகா, டர்ஹம், யார்க் வட்டார பஸ்களுக்கு மாறும்போது இரண்டாவது கட்டணம் இல்லை. ஆகவே கல்லூரி வாசலிலேயே அறை தேட வேண்டியதில்லை. ஆனால் வரைபடத்தில் 15 கிலோமீட்டர் என்பது ஜனவரிப் பனியில் ஒன்றரை மணி நேரமாக ஆகலாம்.

இந்தியாவிலிருந்தே அறை பிடிக்கலாமா?

கூடாது என்பதே பாதுகாப்பான பதில். இல்லாத வீட்டின் படத்தைப் போட்டு, "இன்னும் நாலு பேர் கேக்குறாங்க, இன்னிக்கே டெபாசிட் அனுப்புங்க" என்று அவசரப்படுத்துவது இந்த மோசடியின் வாடிக்கையான முறை. கனடாவின் 'இன்டெராக்' மின்-பரிமாற்றத்தில் ஒருமுறை எடுத்துக்கொள்ளப்பட்ட பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கல்லூரியின் தற்காலிக விடுதி, உறவினர் வீடு, அல்லது முறையான தங்குமிடம் ஏற்பாடு செய்துகொண்டு, அறையை நேரில் பார்த்த பிறகு ஒப்பந்தம் போடுவதே நல்லது. அந்த இரண்டு வார வாடகை வீண் செலவு போலத் தோன்றும். ஒரு போலி டெபாசிட்டை ஒப்பிட்டால் அது குறைவுதான்.

சட்டவிரோதமாக வாங்கிய முன்பணத்தைத் திரும்பக் கேட்டு, ஓராண்டுக்குள் ஒன்டாரியோவின் வீட்டுக்காரர்-வாடகைதாரர் வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்பதும் உண்மை. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் சமூகச் சட்ட உதவி மையங்கள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. 211 என்ற எண்ணுக்கு அழைத்தால் அருகில் எது இருக்கிறது என்று சொல்வார்கள். மொழிபெயர்ப்பு உதவியும் உண்டு.

தொகையை உயர்த்தினால் போதுமா?

மாணவர் வரவு குறைந்ததும், புதிய அடுக்குமாடி வீடுகள் சந்தைக்கு வந்ததும் சேர்ந்து டொரன்டோவில் வாடகை உச்சத்திலிருந்து ஓரளவு இறங்கியிருக்கிறது. இப்போது வருபவர்களுக்குப் பேரம் பேசச் சிறிது இடம் இருக்கிறது. ஆனால் வாடகை 100 டாலர் குறைந்தாலும், 'ஹிஸ்டரி இல்லை' என்ற காரணம் மாறவில்லை.

இது டொரன்டோவுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. லண்டனிலும் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாத வெளிநாட்டு மாணவர்களிடம் மாதக்கணக்கில் முன்வாடகை வாங்குவது வாடிக்கையாக இருந்தது. புதிய வாடகைச் சட்டப்படி 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கவோ வாங்கவோ முடியாது. தானாகக் கொடுத்ததாக எழுதி வாங்கும் வழியும் அடைபடுகிறது. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களுக்குத் தாங்களே ஜாமீன் நிற்கின்றன.

கனடாவில் மாணவரின் சேர்க்கைக் கடிதத்தைக் கல்லூரி அரசிடம் உறுதி செய்கிறது. அவருடைய பணத்தை வங்கி உறுதி செய்கிறது. அரசுக்குத் தெரிந்த இந்த இரண்டு உண்மைகளும் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டுக்காரரின் கண்ணுக்குப் படுவதே இல்லை. ஜிஐசி-யின் முதல் தவணை இரண்டு மாத வாடகைக்கும் குடியேறும் செலவுக்கும் போதுமானதாக இருந்தால், கல்லூரி முதல் ஆண்டுக்கு மட்டுமாவது ஜாமீன் கடிதம் கொடுத்தால், மாணவர் ஊருக்குப் போன் போட வேண்டிய அவசியம் குறையும். இரண்டுக்கும் புதிதாக ஒரு டாலர்கூட இந்தியாவிலிருந்து வர வேண்டியதில்லை.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 22,895 டாலரை முழுப் பாதுகாப்பு என்று நினைக்காமல், அதற்கு வெளியே முதல் மாதத்துக்கென்று தனியாக ஒரு தொகையை எடுத்து வைப்பது. தவணைக் கணக்கில் பூட்டிக் கிடக்கும் பெரிய தொகையைவிட, அறை பார்க்கப் போகும் நாளில் பிள்ளையின் கையில் இருக்கும் 3,000 டாலர்தான் "இந்த வீடு வேண்டாம்" என்று சொல்லும் தைரியத்தைக் கொடுக்கும்.